நாலு இதழ்ப் பூ

"வந்துடுச்சு பாருங்க, இந்த வருஷத்துக் கந்தல்!"

கூரியர் பையைக் கத்தரித்து, உள்ளே இருந்ததை இரண்டே விரலால் தூக்கிப் பிடித்தாள் பெரியவள். குடும்பத்துக்கு மூத்த மருமகள் என்பதால் சொந்தபந்தம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். அனுப்பியவள் ஓரகத்தி, சின்னவள். மிஞ்சிய துணித் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப் போர்வை தைத்து, வருஷம் தவறாமல் உறவுக்கெல்லாம் ஆளுக்கொன்று பரிசாக அனுப்புகிறவள்.

"மெதுவா பேசேன். பாவம், கைப்படத் தைச்சு அனுப்பியிருக்கா" என்றார் கணவர்.

"கடையில வாங்க வக்கில்லாதவங்க கைப்படத்தான் தைப்பாங்க!"

உதறி, காலில் போட்டுப் பார்த்தாள். இடுப்பில் தொடங்கியது முழங்காலோடு நின்றுவிட்டது. "இந்தத் தடவ கந்தலுக்கும் பஞ்சம் போல" என்று சிரித்தாள்.

வழக்கமாக மூலையில் 'அக்காவுக்கு' என்று நூலால் எழுதியிருக்கும். இதில் அதுவும் இல்லை. அதற்குப் பதிலாக ஏதோ ஒரு பூ. மேலே குட்டி குட்டியாக நாலு இதழ், கீழே குண்டாக ஒரு பொட்டு.

"காம்பும் இல்ல, இலையும் இல்ல. ஒரு பூ போடத் துப்பில்ல, இதுல பரிசு ஒரு கேடு!"

போன வருஷத்துப் போர்வை பின்வாசலில் நாய்க்குப் படுக்கையாகி மாதங்கள் ஆகிவிட்டன. சின்னவளுக்குத் தன்மேல் வயிற்றெரிச்சல் என்பது பெரியவளின் தீர்மானம். புது சோபா வாங்கி, கூடத்திலிருந்து பின்வாசல் வரை தெரியும்படி படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டபோது எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். சின்னவள் மட்டும் வாயைத் திறக்கவில்லையே!

அன்றைக்கு அந்த சோபாவில் உட்கார வேண்டியவர் மேனேஜரம்மா. கணவரின் ஆபீசில் பதவி உயர்வு ஒன்றே ஒன்று, போட்டியோ இரண்டு பேருக்கு. மேனேஜர் வீட்டில் அந்த அம்மா வைத்ததுதான் சட்டம் என்பது ஆபீஸ் பியூன் வரைக்கும் தெரியும். அதனால்தான் காலையிலிருந்து பெரியவள் தரையை மூன்று தடவை துடைக்க வைத்திருந்தாள்.

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்பே அழைப்பு மணி அடித்தது.

"ஐயையோ! நாயைப் பின்னால கட்டுங்க!" என்று கணவரை விரட்டிவிட்டு, போர்வையைக் காலாலேயே சோபாவுக்குப் பின்னால் தள்ளினாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது அவள் முகத்தில் முப்பத்திரண்டு பல்லும் இருந்தன.

பெருமைக்காக ஏசியைக் கடைசி வரை திருகி வைத்திருந்தாள். மேனேஜரம்மா ஐந்து நிமிஷத்தில் கையைக் கட்டிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தார். சோபா ஓரம் எட்டிப் பார்த்த துணி அவர் கண்ணில் பட்டது. கேட்காமலே இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

பெரியவள் பதறிக் கை நீட்டினாள். "அது வந்து மேடம்... பழசு..."

"பழசா? முழுக்கக் கைத்தையல்! ஒவ்வொரு தையலும் எள்ளு மாதிரி இருக்கு!" மேனேஜரம்மா அதைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். "யாரு தைச்சது?"

பெரியவள் ஒரே நொடியில் கட்சி மாறினாள்.

"என் ஓரகத்தி மேடம்! எனக்குன்னா உயிரையே விடுவா. போன வருஷம் தந்ததைக்கூட பீரோவுல பூட்டி வெச்சிருக்கேன். கீழ போட மனசு வருமா சொல்லுங்க?"

பின்வாசலில் நாய் குரைத்தது. கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கொடுத்து வெச்சவங்க நீங்க. எங்க வீட்டுல எனக்கு இப்படித் தைச்சுத் தர ஒரு ஆள் இல்ல" என்றார் மேனேஜரம்மா. குரல் இளகியிருந்தது. "மனுஷங்க அருமை தெரிஞ்ச குடும்பம்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட கண்டிப்பா சொல்றேன்."

பதவி உயர்வு பாதி கைக்கு வந்துவிட்டது. பெரியவள் கணவரை வெற்றிப் பார்வை பார்த்தாள்.

"அவங்ககிட்ட எனக்கும் ஒண்ணு சொல்லி வைக்கிறீங்களா?"

"சொல்றதென்ன மேடம், இப்பவே கேட்டுடறேன்! எங்க பாசத்தை நீங்களும் கேளுங்க!" என்று சின்னவளின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"சொல்லுங்கக்கா."

"அம்மாடி! எனக்குன்னு பார்த்துப் பார்த்துத் தைச்சியே, அந்தப் போர்வை வந்துடுச்சு. கண்ணுல ஒத்திக்கலாம் போ!"

"அது உங்களுக்கு இல்லக்கா. உங்களுக்குத்தான் என் தையல் பிடிக்காதே, இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன். சோபா போட்டோவுல பின்னால பார்த்தேன். போன வருஷத்துது ரொம்பப் பெரிசா இருந்து, பாவம், அதுக்குக் கால்ல எல்லாம் சிக்குது. என் போர்வைய ஆசையா வெச்சிருக்கிற ஜீவன் உங்க வீட்டுல அது ஒண்ணுதான். அதான் சின்னதா தைச்சு, மூலையில அதோட காலடியக்கூடப் போட்டிருக்கேன்."

தோளில் கிடந்த மூலையைத் திருப்பிப் பார்த்தார் மேனேஜரம்மா. அவர் விரல் நாலு இதழையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, குண்டுப் பொட்டில் வந்து நின்றது.

போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"நாய்க்கு அளவு சரியா இருக்காக்கா?"