பத்துக்கு நான்கு

நான்காவது பாட்டிலும் அவள் கத்தவில்லை.

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஒருவேளை பின்னால் எங்காவது, கிட்டாருக்கு அடியில், அந்தக் கத்தல் இருக்கலாம்.

இல்லை.

கிட்டாரே அடங்கித்தான் ஒலித்தது. டிரம்ஸ் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. எல்லாவற்றின் மேலும் கீபோர்டின் வயலின்கள் பாகாக வழிந்தன. நடுவில் ஜெனிட்டா பாடினாள். சுருதி பிசகாமல், மூச்சு வாங்காமல், அழகாக.

துக்கத்தை உரக்கக் கொட்டும் ராக் வகையான கோதிக் மெட்டலில் அழகு மட்டும் போதாது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். ஜன்னலுக்குக் கீழே, பெரம்பூரின் பிரியாணிக் கடையில் பார்சலுக்குக் கூட்டம். மாலைக்குள் இணைய இதழுக்கு மதிப்புரை தர வேண்டும். 'செவியன்' என்ற பெயரில் ஒன்பது வருடமாக மெட்டல் ஆல்பங்களைப் பற்றி எழுதுகிறான். செவியன் என்பது ரூபன்தான் என்று ஆசிரியர் இக்பாலுக்கு மட்டும் தெரியும்.

ஜெனிட்டா ரூபனுக்கு யாராக இருந்தாள் என்பது இக்பாலுக்கும் தெரியாது.

நான்கு வருடம் மனைவியாக இருந்தாள்.

அவளுக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது பெங்களூரில் ஒரு நிகழ்ச்சி வந்தது. போகாதே என்றான். போனாள். திரும்பி வந்த இரண்டாம் நாள் கரு கலைந்தது. அவள் பாடியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளோடு பேசவில்லை.

திட்டவில்லை. கை ஓங்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான்.

அவள் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டான். ஒரே கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் எதிரில் வந்து நின்று அழுதபோது டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

எத்தனை நாள் அப்படி இருந்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

அவள் எண்ணியிருந்தாள். அவர்கள் பிரிந்த அடுத்த வருடம் அவளுடைய 'கருந்திரை' குழுவின் முதல் ஆல்பம் வந்தது. பெயர், 'நாற்பத்தொரு நாள்'.

எட்டுப் பாட்டு. ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தில் வார்த்தை தீர்ந்துபோய் அவள் கத்துவாள். ரசிகர்கள் அந்த இடங்களை மட்டும் வெட்டியெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். இவ்வளவு துக்கம் ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்து வியந்து எழுதினார்கள்.

செவியன் எழுதவில்லை.

ஆனால் கேட்டான். ஆறு வருடமாகக் கேட்டான். ரயிலில், ஆபீஸ் மாடிப்படியில், காய் நறுக்கும்போது. அவள் கத்தும் இடம் வரும்போதெல்லாம், இன்னும் தன்னை மறக்கவில்லை என்று தோன்றும். அதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது இரண்டாவது ஆல்பம்.

ஐந்து. ஆறு. ஏழு. எங்கேயும் அவள் உடையவில்லை. கடைசிப் பாட்டில் வார்த்தை எதுவும் இல்லாமல் வெறும் மெட்டை முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பை அவன் முன்பு கேட்டிருந்தான். கல்யாணமான புதிதில், மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அப்படித்தான் முணுமுணுப்பாள். அப்படி ஒரு குரல் அவளுக்கு இருந்ததையே மறந்துபோயிருந்தான்.

ஹெட்போனைக் கழற்றினான். காது மடல் கொதித்தது.

மடிக்கணினியைத் திறந்து எழுத ஆரம்பித்தான். அடங்கிய கிட்டார். திகட்டும் கீபோர்டு. ஒன்றுபோலவே இருக்கும் பல்லவிகள். எல்லாமே உண்மை. யாரும் மறுக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டான். கடைசிப் பத்தி மட்டும் தானாக வந்தது.

'முதல் ஆல்பத்தின் காயம் இதில் ஆறிவிட்டது. காயம் ஆறிய ஜெனிட்டாவிடம் நமக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஏமாற்றம். பத்துக்கு நான்கு.'

அனுப்பினான்.

மறுநாள் மதியம் ஆபீஸ் கேண்டீனில் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னூட்டங்களைப் படித்தான். நூற்றுக்கு மேல் இருந்தன. எல்லோரும் செவியன் பக்கம். மேலே இருந்தது இது:

'கரெக்டா சொன்னீங்க செவியன். யாராவது அக்காவ மறுபடியும் அழ வைங்கப்பா. அப்பதான் அடுத்த ஆல்பம் தேறும்.'

முந்நூற்றுப் பன்னிரண்டு லைக். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

யார் இந்த மடையன் என்று பார்த்தான். பத்தொன்பது, இருபது வயதுப் பையன். கறுப்புச் சட்டை. சிரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு மேலே போய், தான் எழுதிய கடைசிப் பத்தியைப் படித்தான்.

இன்னொரு முறை படித்தான்.

டப்பாவை மூடிவிட்டு இக்பாலைக் கூப்பிட்டான்.

"இக்பால், அதை எடுத்துடுங்க."

"அந்த அழ வைக்கிற கமெண்ட்டா ரூபன் சார்? நானும் பார்த்தேன். இதோ தூக்கிடறேன்."

"கமெண்ட் இல்ல. நான் எழுதினதை."



"என்ன சார் சொல்றீங்க? காலையிலேர்ந்து நாலாயிரம் பேர் படிச்சாச்சு. அதுல என்ன தப்பு இருக்கு? ஆல்பம் சரியில்லதானே?"

"சரியில்லதான்."

"அப்புறம் என்ன சார்?"

கேண்டீனில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம். அவன் எழுந்து சுவர்ப்பக்கம் போய் நின்றான்.

"முதல் ஆல்பம் என்னைப் பத்தினது, இக்பால்."