கிளாடிஸின் கவரிங் மாலை

"ஏளா, எவன் வந்து கேட்டாலும் கழுத்துல கிடக்கத மட்டும் கழட்டாத."

சொல்லிக்கொண்டே பர்னபாஸ் கட்டிலுக்கு அடியில் இருந்த பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார். வாசலில் கார் கதவுகள் அடைபடும் சத்தம் கேட்டது.

கட்டிலில் ஏசி காற்றில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த கிளாடிஸ் நிமிரவில்லை. "கவரிங்தான? கழட்டுனா என்ன, கழட்டாட்டா என்ன?" என்றாள்.

அவள் கழுத்தில் கிடந்த கவரிங் மாலையைப் பார்த்துத் தெருவே சிரித்தாயிற்று. தூத்துக்குடியிலேயே பெரிய வைரக் கடைக்காரர், மனைவிக்கு வாங்கித் தந்தது அமெரிக்கன் டைமண்ட்! "பெரியதாழைக்காரிக்கு இது போதும்னு நினைச்சிட்டாரு போல" என்று எதிர்வீட்டு மெட்டில்டா பூசை முடியும் முன்பே கிசுகிசுப்பாள். நமக்கெதற்கு அடுத்த வீட்டு வம்பு? ஆனாலும் காதில் விழத்தானே செய்கிறது.

பர்னபாஸ் ஒரு காலத்தில் துறைமுகம் பக்கம் சங்கு வளையலும் சிப்பி மாலையும் விற்றவர். பிறகு துபாய், பிறகு வைரம், பிறகு மூன்று மாடிக் கடை. கடையில் கல்லின் மேல் வாயால் ஊதிக் காட்டுவார். "ஆவி அப்பிடியே நின்னா கண்ணாடி. நிக்காம ஓடிட்டுன்னா வைரம். நல்லாப் பாத்துக்கோங்க அண்ணாச்சி!" ஊரே வாயைப் பிளந்து பார்த்தது.

ஊதிய வாய் இப்போது காய்ந்து கிடந்தது. வங்கிக்கு வைரத்தைக் காட்டிவிட்டு, சீல் வைக்கும் நேரத்தில் பெட்டிக்குள் கண்ணாடிக் கல்லை வைத்துக் கடன் வாங்கினார் என்பது வழக்கு. கடையைப் பூட்டியாயிற்று. காணாமல் போன வைரத்தைத் தேடித்தான் அதிகாரிகள் வீட்டுக்கே வந்திருந்தார்கள்.

அந்த வைரம் முழுக்கவும் மாலையாக்கிக் கிளாடிஸின் கழுத்தில் போட்டுவிட்டிருந்தார். ஊர் பார்த்துச் சிரிக்கிற நகையை எந்த அதிகாரி தொடப்போகிறான் என்பது பர்னபாஸின் கணக்கு. கட்டினவளிடம்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை.

அதிகாரி பால்துரையின் ஆட்கள் அரிசி டிரம்மைக் கவிழ்த்தார்கள். உடன்குடியில் இருந்து வந்த கருப்பட்டிப் பெட்டிக்குள் கை விட்டார்கள். மாதா சுரூபத்தை மட்டும் ஒருவர் கும்பிட்டுவிட்டுத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"அம்மா, நீங்களும் கொஞ்சம் ஹாலுக்கு வாங்க," என்றார் பால்துரை.

ஏசி அறையை விட்டு வெளியே வந்ததும் கடற்கரைப் புழுக்கத்தில் கிளாடிஸின் மூக்குக்கண்ணாடி ஆவி பூத்துப் போனது. நைட்டிக்கு மேல் தொங்கிய மாலையும் மங்கலாகத் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டால் முதலில் கண்ணாடியையும் பிறகு மாலையையும் துடைத்துக்கொண்டாள்.

பால்துரையின் பார்வை மாலையில் நின்றது. பர்னபாஸ் குறுக்கே வந்து நின்றார்.

"அது கவரிங் சார்," என்றார். குரல் கீச்சென்று வந்தது. "தெருவுல யார்ட்ட வேணாலும் கேளுங்க!"

"கவரிங்னா உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

பால்துரை பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தார். முதலில் பர்னபாஸின் மோதிரக் கல்லில் அதன் முனையை வைத்தார். பீப் என்று கத்தியது. "வைரம்னா கத்தும். கண்ணாடின்னா சும்மா இருக்கும்," என்று சிரித்தார்.

கிளாடிஸ் கேட்கும் முன்பே மாலையைக் கழற்றி நீட்டினாள். பர்னபாஸ் கண்களை இறுக மூடிக்கொண்டார். விலங்கு, வேன், நாளைய பேப்பரில் படம், அதை மடித்துவைத்துப் படிக்கிற மெட்டில்டா... எல்லாம் மூடிய கண்ணுக்குள் வந்துபோயின.

கருவி கத்தவில்லை. அடுத்த கல்லுக்கும் கத்தவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை.

"கண்ணாடிதான். சாரிம்மா," என்று பால்துரை மாலையைத் திருப்பிக் கொடுத்தார். ஆட்களோடு படியிறங்கினார்.

பர்னபாஸ் மாலையைப் பிடுங்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினார். கல்லின் மேல் ஊதினார். ஆவி அப்படியே நின்றது. இன்னொரு கல்லில் ஊதினார். அதிலும் நின்றது.

"ஏளா, கல்லு எங்க?"

"எந்தக் கல்லு?" பின்னாலேயே வந்த கிளாடிஸ் கதவைச் சாத்தினாள். "இது கவரிங்னு நீங்கதான சொன்னிய?"

"விளையாடாதளா, உயிரே போவுது!"

அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் இருந்த பையை இழுத்துத் திறந்தாள். அவருடைய சட்டைகள், அவருடைய வேட்டிகள், அவருடைய செருப்பு. அவளுடையதாக ஒரு கைக்குட்டைகூட இல்லை.

"கடல் தாண்டி ஓடப் பெரியதாழையில போட்டுக்குச் சொல்லி வச்சிருக்கியளாம். ஒரே ஒரு ஆளுக்கு. கடை என் பேருல இருக்கு, அப்ப கம்பி எண்ண வேண்டியது நானு, என்ன?"

"யாரு... யாருளா சொன்னா?"

"நான் பெறந்த ஊருல எவன் போட்டு ஓட்டுனாலும் அவன் எனக்கு மாமனோ மச்சானோதான். அதுகூடவா மறந்துபோச்சு?"

பர்னபாஸ் கட்டிலில் சரிந்து உட்கார்ந்தார். "உன்ன அப்புறமாக் கூப்பிடலாம்னுதான்..."

"கல்ல ஊதிப் பாக்கவும், வைரத்தக் காட்டிட்டுக் கண்ணாடிய வைக்கவும் உங்களுக்கு மட்டுந்தான் தெரியுமோ?"

"ஏளா, இது திருட்டு!" என்று கத்தியவர் தன் குரலுக்குத் தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கிளாடிஸ் ஜன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"கார் இன்னும் தெருமுக்கு தாண்டல. கூப்பிடட்டா?"