முதல் பிள்ளை

அம்மா இறந்தபோது, "ஓடிப்போனவளுக்கு இங்க என்ன வேலை?" என்று அக்கா தமயந்தியை மயானத்திலிருந்து விரட்டியவன் கதிரேசன்.

நேற்று அப்பா இறந்தார். அரசின் குடும்பப் பதிவேட்டில் இப்போது மகன், மகள் என்ற சொற்கள் இல்லை. வயது வரிசையில் பிள்ளைகள் மட்டுமே. மின்மயானத்து இயந்திரம் முதல் பிள்ளையின் கைரேகையைக் கேட்டது.

"நான்தான் மகன்!" என்று கதிரேசன் கத்தினான். இயந்திரத்துக்கு அந்தச் சொல் புரியவில்லை. வேறு வழியின்றி அக்காவுக்குப் போன் செய்தான்.

தமயந்தி வந்தாள்.

"ரேகைய வச்சிட்டுக் கெளம்பு. கொள்ளி போட நான் இருக்கேன்" என்றான் கதிரேசன்.

மன்னித்துவிடலாம் என்றுதான் ஆட்டோவில் வந்திருந்தாள். ரேகை பதிந்ததும் கதவு திறந்தது. 'உடன்பிறப்பை உள்ளே அனுமதிக்கலாமா?' என்று திரை கேட்டது.

"அக்கா..." என்றான் கதிரேசன், குரல் இறங்கி.

"வெளிய நில்லுடா."

'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, அவள் அப்பாவுடன் உள்ளே போனாள்.