ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் இருப்பேன்

பதினோரு பேப்பரிலும் ஒரே வாக்கியம். எழுத்துக்கு எழுத்து அப்படியே.

'ஐ ஷேல் பி அட் தி பஸ் ஸ்டாப் அட் சிக்ஸ் ஓ கிளாக்.'

கற்பகவல்லி டீச்சருக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. தினமும் விருதுநகரிலிருந்து ரெண்டு பஸ் மாறி, தாயில்பட்டி பக்கம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடுகிறது. ஜூனில் மாற்றலாகி வந்த நாளிலிருந்து இதே பாடுதான்.

இதில் இந்த 'ஷேல் பி' வேறு. ஊர் உலகமே 'வில்' என்று பேசி முடித்துவிட்டது. இங்கே கேள்வித்தாளில் மட்டும் அந்தக் காலத்து ஷேல் போவேனா என்று உட்கார்ந்திருக்கிறது. சரி, தொலையட்டும் என்று மூன்று நாள் தொண்டை கிழிய நடத்தினாள். 'நாளைக்கு நீ எங்கே இருப்பாய்? ஷேல் பி போட்டு, நேரத்தோடு, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுது.' இவ்வளவுதான் கேள்வி.

சொந்தமாக எழுதிய லட்சணத்தைப் பாருங்கள்!

"பதினோரு பேரும் எந்திரிங்கடி."

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"எவளப் பாத்து எவ எழுதுனது?"

"யாரும் பாத்து எழுதல டீச்சர்," என்றாள் முன் பெஞ்சு பிரீத்திகா.

"அப்ப பதினோரு பேருக்கும் ஒரே நேரத்துல ஒரே ஞானம் வந்துச்சாக்கும்? சரி, ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப்புல உங்களுக்கு என்னடி வேல? எவனப் பாக்கப் போறீங்க?"

பிரீத்திகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின் பெஞ்சுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேச்சக் காணோம் பாத்தியா! பின் பெஞ்சுல இருக்காளே அனுப்பிரியா, அவளப் பாருங்க. அதே ஆறு மணிதான். 'ஐ ஷேல் பி அட் ஹோம்'னு எழுதிருக்கா. ஆறு மணிக்கு வீட்டுல இருப்பேன்னு. அதான் பொறுப்பான பொம்பளப் பிள்ளைக்கு அழகு. வெரி குட் போட்டிருக்கேன். எல்லாரும் கை தட்டுங்க."

ஒருத்தியும் கை தட்டவில்லை. பொறாமை பிடித்த கழுதைகள் என்று நினைத்துக்கொண்டாள் கற்பகவல்லி.

"பதினோரு பேருக்கும் முட்டை மார்க். நாளைக்கு அவங்கவங்க அம்மாவோடதான் உள்ள வரணும்."

"சீசன் நேரம் டீச்சர். கம்பெனில லீவு குடுக்க மாட்டாக," என்று யாரோ முனகினார்கள்.

"அது காப்பி அடிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும். சாயங்காலம் எல்லாரும் இருந்து, 'ஐ ஷேல் நாட் காப்பி'னு முந்நூறு தடவ எழுதிட்டுத்தான் போகணும். அனுப்பிரியா, நீ கூட இருந்து எண்ணிப் பாரு."

மணி அடித்தது. பள்ளிக்கூடம் காலியானது. பதினோரு பேரும் எழுதினார்கள். இவளுகளால் தன் பஸ்ஸும் போச்சே என்று கற்பகவல்லி நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அஞ்சே முக்கால் ஆனதும் ஒருத்திக்கும் கை ஓடவில்லை. ஒரு வரி எழுதுவதும் சன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பிரீத்திகாவின் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"எழுதுடி! முந்நூறு முடியாம ஒருத்தி நகர முடியாது."

அனுப்பிரியா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவளுகள விட்ருங்க டீச்சர். ஆறு மணிக்கு வேன் வந்துரும்."

"எந்த வேன்?"

"பட்டாசு கம்பெனி வேன் டீச்சர். இவளுக அம்மாமாரெல்லாம் அதுலதான் வருவாக. பஸ் ஸ்டாப்புல எறக்கி விடுவாக. அம்மா எறங்குறதக் கண்ணால பாத்தாத்தான் இவளுகளுக்கு மூச்சே வரும். தெனமும் போயி நிப்பாளுக."

கற்பகவல்லி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எவனப் பாக்கப் போறீங்க என்று கேட்ட வாயைக் கொண்டுபோய் எங்கே வைப்பாள்?

"போங்கடி. எழுதுனது போதும், ஓடுங்க!"

பை ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கமாக அள்ளிக்கொண்டு பதினோரு பேரும் ஓடினார்கள். அனுப்பிரியா மட்டும் கீழே சிதறிய தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.

"ஏம்மா, இத அப்பவே சொல்ல வேண்டியதுதான? அத்தன திட்டும் வாங்கிக்கிட்டு நின்னாளுகளே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தாளுக?"

அனுப்பிரியா அடுக்கிய தாள்களை மேசையில் வைத்தாள்.

"போன மாசியில மருந்து ரூம் வெடிச்சதுல எங்கம்மா திரும்பி வரல டீச்சர். நான் இங்கன உக்காந்திருக்கையில, அவளுக எப்படிச் சொல்லுவாளுக?"