வாசலில் இனெஸின் ஷூ

பிராக் நகரில் வெளியே போட்டு நடந்த ஷூவோடு யார் வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. நான் நடத்தும் விடுதியிலும் அப்படித்தான். எவ்வளவு பெரிய ஆளானாலும் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, துணிச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் மாடியேற வேண்டும்.

ஊரை நடந்தே சுற்றிப் பார்க்க வந்து என் விடுதியில் தங்கியிருந்த இனெஸை நாலைந்து நாளாகக் காணவில்லை. லிஸ்பனிலிருந்து அவள் அக்கா மார்த்தா ஓடி வந்தாள்.

"அவ ஷூ மட்டும் தினம் சாயங்காலம் வாசலுக்கு வந்துடுதும்மா. ஒரே ஆத்துச் சேறு. காலையில பார்த்தா இருக்காது," என்றேன்.

"என்ன, விளையாடுறீங்களா?" என்று சீறினாள்.

அன்று மாலையும் ஷூ வந்தது. இனெஸுக்காக எடுத்து வைத்திருந்த துணிச் செருப்பைத்தான் காணோம். மாடிக்கு ஓடினோம். அவள் கட்டிலடியில் அது ஜோடியாக இருந்தது. கட்டிலில் யாருமில்லை. தலையணை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.