வண்டிக்கொல்லை ஏலம்

நேற்று மாலை வரை மில்லுக்காரரின் கரியில் ஓடும் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்த மெக்கானிக் முக்தார் அகமது, இன்று சட்டை மாற்றிக்கொண்டு திருத்தணி தாலுக்கா கச்சேரிக்குள் நுழைந்தான். கையில் கனமாக ஒரு மூட்டை.

ஏலம் கேட்க வந்து உட்கார்ந்திருந்த குடியானவர் கண்ணையன் அந்த மூட்டையைப் பார்த்தார். மில்லுக்காரர் நேரில் வரமாட்டார், ஆளைத்தான் அனுப்புவார் என்று பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் சுந்தரமூர்த்தி சொன்னது சரியாகப் போயிற்று.

வரி பாக்கிக்காக அன்று ஏலத்துக்கு வந்திருந்தது வண்டிக்கொல்லை. மலையடியில் மூன்று ஏக்கர். ஆடிக் கிருத்திகைக்கு வருகிறவர்கள் வண்டி அவிழ்த்துப் போட ஊரில் அது ஒன்றுதான் இடம். மற்ற மாதங்களில் மாடு மேயும், பெண்கள் புல் அறுத்து விற்பார்கள். கனகம்மாசத்திரத்து மில்லுக்காரர் அங்கே அரிசி மில் கட்டப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

அந்த இடத்தை வாங்கி, கட்டடம் வராமல் வெட்டவெளியாகவே வைத்துக்கொள்வதற்காகக் கிருத்திகை வண்டிகளிடம் கட்டணம் வசூலித்து மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது போர்டு. ஆனால் போர்டு நேரில் ஏலம் கேட்க முடியாது. அதன் கையிருப்பு எல்லாருக்கும் தெரிந்தது. மில்லுக்காரர் அதற்கு மேல் ஒரு ரூபாய் வைத்தால் கதை முடிந்தது.

அதனால் சுந்தரமூர்த்தி ஒரு தந்திரம் செய்தார். போர்டு ஏலத்துக்கு வராது என்று ஊரில் தண்டோரா போட்டார். கண்ணையனைக் கனகம்மாசத்திரத்தில் தன் மைத்துனர் வீட்டுக்கு இரண்டு முறை வரவழைத்து, கண்ணையன் பெயரிலேயே ஏலத்தில் எடுத்துப் பிறகு போர்டுக்கு எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு செய்துகொண்டார். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக்கூடாது என்று கையடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சத்தியம் காலையிலேயே ஆட்டம் கண்டது. கண்ணையன் வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி தாயம்மாள் கதவை மறித்து நின்றாள்.

"கனகம்மாசத்திரத்துக்குப் புண்ணாக்கு வாங்கத்தான போன? வெறுங்கையோடதான வந்த?"

கடை மூடியிருந்தது என்றார்.

"ரெண்டு வாட்டியுமா?"

கண்ணையன் துண்டைத் தேடினார்.  அவள் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு சந்தைப் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டாள்.

கச்சேரியில் டவாலி போட்ட சேவகன் ஏலத்தைத் தெலுங்கில் கூவ ஆரம்பித்தான்; திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஆரம்பத்தில் கேட்ட இரண்டு பேரும் சீக்கிரமே ஒதுங்கிவிட்டார்கள். மிஞ்சியது கண்ணையனும் முக்தாரும்.

கண்ணையன் ஐம்பது ஏற்றினார். முக்தார் பத்து ஏற்றினான். கண்ணையன் மறுபடி ஐம்பது. முக்தார் மூட்டையைத் தடவிப் பார்த்து, மறுபடி பத்து. அவன் தொட்டபோதெல்லாம் உள்ளே சில்லறை குலுங்கியது. ஆர்.கே.பேட்டைத் தறியில் நெய்த பச்சைக் கட்டம் போட்ட பழைய சேலைத் துணி அது. ஊரில் பாதிப் பெண்கள் உடம்பில் அதே கட்டம்தான். ஏழைப் பணம் மாதிரி காட்டுவதற்கு மில்லுக்காரர் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்று கண்ணையன் பல்லைக் கடித்தார்.

போர்டு கொடுத்த பணத்தின் எல்லை வந்துவிட்டது. வாசலில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த சுந்தரமூர்த்தியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் லேசாகத் தலையை ஆட்டினார். போதும், விட்டுவிடு என்று அர்த்தம். பேப்பர் அவர் முகத்தை மறைத்துக்கொண்டது.

"ஒகடோ சாரி..." என்று ஒரு தரம் கூவினான் சேவகன். முக்தார் கேட்ட தொகைதான் மேலே நின்றது.

கண்ணையனின் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கிருத்திகைக் கூட்டம் ரோட்டில் வண்டியை அவிழ்ப்பதும், மலையடியில் மில் புகைபோக்கி எழுவதும் கண்ணில் வந்து வந்து போயின. தொழுவத்தில் நிற்கும் ஜோடி மாடுகளும் வந்தன.

"ரெண்டோ சாரி..."

"இன்னும் நூறு" என்றார் கண்ணையன். மாடுகள் போயின.

முக்தார் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவில்லை. அதற்குள் இருப்பது அவனுக்கு மனப்பாடம் போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டான். "மூடோ சாரி" முடிந்தது. வண்டிக்கொல்லை கண்ணையனுடையது.

முன்பணம் கட்டிவிட்டு வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் முக்தார் காத்திருந்தான். இனி எந்த மாட்டைக் கட்டி உழுவது என்ற எரிச்சல் கண்ணையனுக்கு. போய் உன் முதலாளியிடம் சொல் என்று சொல்ல வாயெடுத்தார். அவன் முந்திக்கொண்டான்.

"ஜெயிச்சுட்டீங்க அண்ணே. உங்க மில்லுக்காரருகிட்ட சொல்லுங்க, புல்லு விக்கற பொம்பளைங்க வாயில மண்ணு போட்டுட்டீங்கன்னு."

கண்ணையன் திகைத்தார். "இன்னாடா பேசற? மில்லுக்காரன் ஆளு நீதான?"

"லாரி ரிப்பேர் பண்ணா ஆளாயிடுவேனா? கனகம்மாசத்திரத்துக்கு போய்ப் போய் வந்தது நீங்க." முக்தார் மூட்டையை நீட்டினான். "யாரு எதிர்ல நின்னாலும் வுடாதேன்னு சொல்லிக் குடுத்தாங்க. என்னால முடியல. நீங்களே திருப்பிக் குடுத்துடுங்க. அவங்க மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

"யாரு மூஞ்சில?"

முக்தார் பச்சைக் கட்ட மூட்டையை அவர் கையில் வைத்து அழுத்தினான்.

"தாயம்மா அண்ணி மூஞ்சிலதாங்க."