பத்து எண்ணும் வரை

சிக்னல் விட்டுவிட்டு வந்ததால், டாக்டர் தமிழினி வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினார்.

"ரெண்டு நாளா இடது கண்ணு புகை மூடுனாப்புல இருக்குதுங்க. நெம்பப் பயமா இருக்குதுங்க டாக்டரம்மா." நாமக்கல் அப்புசாமி மறுமுனையில் சொன்னார்.

"பயப்படாதீங்கண்ணா. வலது கண்ணைக் கையால மூடுங்க. இப்ப ஏதாச்சும் தெரியுதா?"

"ஐயோ, ஒண்ணுமே தெரியலீங்க!"

"பதறாதீங்க. கொஞ்சம் பொறுத்தா தெளியுதான்னு பார்ப்போம். நான் பத்து எண்ணுற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. ஒண்ணு… ரெண்டு…"

ஏழு எண்ணும்போது போனுக்குள் ஓர் ஏர்ஹாரன் நெருங்கி வந்து அலறியது.

"அண்ணா! எங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"ஸ்டேரிங்லதானுங்க. தொப்பூர் மலையில நம்ம காஸ் டேங்கர் எறங்கிட்டு இருக்குதுங்க. இன்னும் மூணு பாக்கி… கையை எடுத்துரட்டுங்களா?"